சபாத் முழுக்கத் தடைகள்தானா? ஜெருசலேம் வீடு ஒன்றில் ஆறு வருடம் இருந்தவளின் குறிப்புகள்

கேள்வி: 6 ஜனவரி 2022, வியாழன்

யூதர்களின் சபாத் பற்றி, அதாவது வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையிலான அவர்களுடைய வார ஓய்வுநாள் பற்றி, இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். விளக்கு போடக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாது, எழுதக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது, குடைகூட விரிக்கக்கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அதற்கு மகிழ்ச்சியின் நாள் என்று பெயர் வேறு. ஆசாரம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இருட்டில் உட்கார்ந்து தடைகளை எண்ணுவதில் என்ன மகிழ்ச்சி? பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் யாராவது உண்டா?

6 ஜனவரி, இரவு

நான் பார்த்திருக்கிறேன். யூதப் பெண் இல்லை. கூடலூர்க்காரி, சிஎஸ்ஐ சபை. 2011 முதல் 2017 வரை ஜெருசலேமில் ஒரு வீட்டிலேயே தங்கிப் பாட்டி ஒருவரைக் கவனித்துக்கொண்டேன். பாக்தாத்தில் பிறந்தவர், 1951இல் ஈராக்கிலிருந்து யூதர்கள் லட்சத்துக்கும் மேல் விமானம் ஏறி வந்தபோது வந்தவர், அப்போது அவருக்கு 14 வயது. நான் போய்ச் சேர்ந்தபோது பக்கவாதம் வந்து இடது கை விழுந்திருந்தது. எல்லோரும் அவரைச் சவ்தா என்பார்கள், பாட்டி என்று அர்த்தம். என்னை அவர் பின்தி என்பார். அது அரபி, மகளே என்று பொருள்.

இருட்டில் உட்காருவதில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருட்டில் உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள், அது வேறு கதை, பிறகு வருகிறேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு மாதிரி வெளிச்சம் வேறு எந்த இரவிலும் கிடையாது. விளக்குகளை முன்னதாகவே போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். எப்போது அணைய வேண்டுமோ அதற்குக் கடிகாரம் வைத்த சுவிட்ச் உண்டு. சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்னால் மெழுகுவத்தி ஏற்றியதும் சபாத் தொடங்கும்.

தூக்கம் வருகிறது. நாளை.

7 ஜனவரி, வெள்ளி

முதல் வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன். ஊருக்குப் புதுசு. சாயங்காலம் திடீரென்று ஊர் முழுக்கச் சங்கு ஊதியது. போர் என்றே நினைத்தேன்! புறப்படும் முன் கூடலூரில் எல்லோரும் அதைச் சொல்லித்தானே பயமுறுத்தியிருந்தார்கள். ஓடிப் போய்ச் சவ்தாவைத் தூக்கப் பார்த்தால், அவர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒற்றைக் கையால் தோடு போடத் திணறிக்கொண்டிருக்கிறார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திருகாணியை என் கையில் கொடுத்து, காதைக் காட்டினார்.

சபாத் வருவதற்கான சங்கு அது. ஏறி இறங்காமல் ஒரே சீராக ஊதும். ஏறி இறங்கினால்தான் ஓட வேண்டும். பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

கேள்வி கேட்டவருக்கு என் பதில் அந்தத் தோட்டில்தான் தொடங்குகிறது. வெளியே எங்கும் போகப் போவதில்லை, வரப்போவது மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும்தான், அவர்கள் மேல்மாடியிலிருந்து இறங்கி வருகிறவர்கள். இருந்தாலும் மதியமே தலைக்குக் குளித்து, வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருக்கும் பச்சை உடுப்பைப் போட்டுத் தோடும் மாட்டுவார். ஏசாயா 58ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாளை ‘மனமகிழ்ச்சியின் நாளென்றும்’ அதோடு ‘மகிமையுள்ள நாளென்றும்’ சொல்லச் சொல்லியிருக்கிறது, நம் தமிழ் பைபிளிலேயே இருக்கிறது. எபிரேயத்தில் மகிழ்ச்சிக்கு ஓனெக், மகிமைக்குக் கவோத். இரண்டையும் ஒன்றாகத்தான் நான் படித்திருந்தேன். அந்த வீட்டில் அவை இரண்டு வேலை. கவோத் என்றால் வெள்ளிக்கிழமை செய்வது: குளிப்பது, துவைத்த துணி, பெருக்குவது, மேசை விரிப்பு. ஓனெக் என்றால் சபாத் வந்த பிறகு அனுபவிப்பது: சாப்பாடு, தூக்கம், பாட்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடீஸும் தன் சட்டத் தொகுப்பில் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார். சூடான தண்ணீரில் முகம் கை கால் கழுவுவதிலிருந்து தொடங்குகிறார்.

7 ஜனவரி, கொஞ்சம் கழித்து

நேற்று எழுதியதில் ஒரு தவறு. 18 நிமிடம் என்பது வேறு பல ஊர்களின் கணக்கு. ஜெருசலேமில் 40 நிமிடம் முன்னால் ஏற்றுவார்கள். ஆறு வருடம் அந்த 40 நிமிடத்துக்காக ஓடியவள் இதைத் தவறாக எழுதினேன் என்றால் வெட்கம்தான். டிசம்பரில் நாலு மணிக்கே ஏற்ற வேண்டியிருக்கும், மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக் கை காய்ந்திருக்காது.

9 ஜனவரி, ஞாயிறு

சபாத்தில் விலக்கிய 39 வேலைகளும் பைபிளிலேயே இருக்கின்றனவா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. வேலை செய்யாதே என்பதும் தீ மூட்டாதே என்பதும் அங்கே இருக்கின்றன. எது எது வேலை என்ற பட்டியல் மிஷ்னாவில் இருக்கிறது, அது ரபிகள் என்கிற யூத மத ஆசான்களின் பழைய சட்டத் தொகுப்பு. நாற்பதில் ஒன்று குறைவு என்று எண்ணுகிறார்கள், நேராக முப்பத்தொன்பது என்று சொல்லாமல்! பாலைவனத்தில் கூடாரக் கோயில் கட்டத் தேவைப்பட்ட வேலைகள் இவை என்பது அவர்கள் விளக்கம்.

அந்தப் பட்டியலை எனக்குச் சவ்தாவின் மகன் ஒருநாள் வரிசையாகச் சொன்னார். விதைப்பது, உழுவது, அறுப்பது, கட்டுக் கட்டுவது, போரடிப்பது, தூற்றுவது, பொறுக்குவது, அரைப்பது, சலிப்பது, பிசைவது, சுடுவது. முதல் பதினொன்றும் ஒரு ரொட்டிக்கான வேலை. எங்கள் அம்மாயி தினமும் செய்த வேலை. தூற்றுவதும் பொறுக்குவதும் சலிப்பதும் மூன்றும் ஒன்றுதானே, தூசியைப் பிரிப்பதுதானே என்று நான் கேட்டதற்கு, தல்மூத்திலும், அதாவது மிஷ்னாவை வைத்து ரபிகள் நடத்திய விவாதங்களின் தொகுப்பிலும், இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்றார். அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொறுக்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சவ்தாவுக்கு வியாழக்கிழமை ராத்திரி ஒரு வேலை உண்டு. பெரிய தட்டில் அரிசியைக் கொட்டி மடிமேல் வைக்க வேண்டும். வலது கையால் ஒவ்வொரு பிடியாகத் தள்ளிக் கல்லும் கறுப்பு அரிசியும் பொறுக்குவார். கடையில் பாக்கெட்டில் வருகிற அரிசியில் கல் ஏது? ஒரு மணி நேரம் தேடினால் ஒன்றிரண்டு அகப்படும். நான் பொறுக்கித் தருகிறேன் என்று ஆரம்பத்தில் பிடுங்கியிருக்கிறேன், கையில் அடித்தார். மற்ற எல்லா வேலையும் நான் செய்யலாம். குளிப்பாட்டலாம், ஊட்டலாம், மலம் துடைக்கலாம். இது மட்டும் அவர் கையால்தான் நடக்க வேண்டும். தல்மூத்தில் ஒரு பக்கம் இருக்கிறது, பெரிய பெரிய ரபிகள் சபாத்துக்காக என்னென்ன செய்தார்கள் என்று: ஒருவர் மீனுக்கு உப்பு போடுவார், ஒருவர் திரி முறுக்குவார், ஒருவர் விறகு பிளப்பார், ஒருவர் கீரை நறுக்குவார். வீட்டில் ஆள் இல்லாமலா? ராஜா வீட்டுக்கு வந்தால் வேலைக்காரனை அனுப்பித் தட்டு எடுத்துவரச் சொல்வோமா என்று மகன் கேட்டார்.

ஒரு நாள் கழித்து, சபாத் அன்றைக்கு, அதே தட்டு, அதே அரிசி, அதே கை, பொறுக்கினால் பாவம். எனக்கு முதலில் இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. வியாழன் இரவு மரியாதையாக இருந்தது சனிக்கிழமை எப்படித் தப்பாகும்? இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது, சரியாகச் சொல்ல வரவில்லை. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்த பிறகும் ஒருத்தி தரை பெருக்கிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அது.

9 ஜனவரி, இரவு

சபாத்தில் பொறுக்கவே கூடாது என்று எழுதியது முழுக்கச் சரியில்லை. கெட்டதைப் பொறுக்கி எறியக்கூடாது. நல்லதைக் கையால் எடுத்து உடனே தின்னலாம். வறுத்த கொட்டைக் கிண்ணத்தில் பிடிக்காததைத் தள்ளாமல், பிடித்ததை மட்டும் எடுப்பார்கள். சவ்தா அக்கம்பக்கத்தாரைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்த விதி பொருந்தவில்லை.

10 ஜனவரி, திங்கள்

குளிர்சாதனப் பெட்டிக் கதை.

போன புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தேன், உள்ளே விளக்கு எரியவில்லை. பார்த்தால் பல்பு கழன்று கிடக்கிறது. நல்ல பிள்ளையாகத் திருகி வைத்தேன். ராத்திரி எல்லோரும் மேசையில் உட்கார்ந்த பிறகு மருமகள் மீன் எடுக்கப் போனவர் கதவிடுக்கில் லேசாக வெளிச்சத்தைப் பார்த்தாரோ என்னவோ, நெருப்பைத் தொட்டதுபோல் கையை எடுத்துவிட்டார். கதவைத் திறந்தால் விளக்கு எரியும், அது தீ மூட்டின கணக்கு. அதனால்தான் ஒவ்வொரு வாரமும் பல்பைக் கழற்றி வைக்கிறார்கள். உள்ளே மீன், சாலட், குழந்தைகளுக்கான இனிப்பு எல்லாம். ஆறு பேர் பெட்டியைப் பார்த்தபடி நிற்கிறார்கள். என்னிடம் திற என்று யாரும் சொல்லமாட்டார்கள், தாங்கள் செய்யக்கூடாததை அன்றைக்கு இன்னொருவரை ஏவிச் செய்யவும் கூடாது. எனக்கு அது தெரியாது, நானும் பெட்டியையே பார்க்கிறேன்.

கடைசியில் சவ்தா ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: “பின்தி, உனக்குப் பசிக்கவில்லையா? குடிக்கப் பால் வேண்டாமா?”

எனக்குப் பால் வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஆறு பேரும் என்னையே பார்த்ததில் ஏதோ புரிந்தது. எனக்காக நான் திறந்தால் அது என் காரியம். நான் பாலை எடுத்துக்கொண்டு, கதவை மூட மறந்தவள்போல நின்றேன். மீன் வெளியே வந்தது.

இந்தச் சாடைப் பேச்சு பிடிபட எனக்கு இரண்டு மாதம் ஆனது. ‘கூடம் இருட்டாக இருக்கிறதே’ என்றால் நான் ஆமாம் இருட்டு என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறேன், பாவம்.

10 ஜனவரி, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கடுப்பாகக் கேட்டிருக்கிறார்: வேலைக்காரி இருந்தால் யார் வேண்டுமானாலும் ஓய்வெடுக்கலாமே? நியாயமான கேள்வி, முதல் இரண்டு வருடம் நானும் அதையேதான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் பாடுவார்கள், தூங்குவார்கள். நான் ராத்திரி மூன்று தடவை எழுந்து சவ்தாவைத் திருப்பிப் படுக்க வைப்பேன். உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும், நீ எகிப்தில் அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள் என்று இருக்கிறது. இதை ஒருநாள் வாய்விட்டே மகனிடம் சொன்னேன், நல்ல கோபத்தில். அவர் வாதாடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வெள்ளி இரவில் ஒரு முறை அவரும் மருமகளும் மாறி மாறி வந்து திருப்பினார்கள். மூன்றில் ஒன்று. அதற்கு மேல் நடக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு விடுப்பு ஞாயிற்றுக்கிழமை. நானே கேட்டு வாங்கியது, கோயிலுக்குப் போக. ஞாயிறு அங்கே வாரத்தின் முதல் வேலைநாள். பேருந்தில் நிற்க இடம் இருக்காது, பள்ளிப் பிள்ளைகள், துப்பாக்கியோடு ராணுவத்துக்குத் திரும்பும் பையன்கள், எல்லோரும் எங்கோ ஓடுகிறார்கள். நான் மட்டும் நல்ல சேலை கட்டிக்கொண்டு ஓய்வில் இருக்கிறேன். ஓய்வு மாதிரியே இருக்காது. ஊரோடு சேர்ந்து நின்றால்தான் அது ஓய்வு என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. வேலைநாளான சனிக்கிழமையில் எனக்குக் கிடைத்த அமைதி, விடுப்பு நாளான ஞாயிறில் கிடைக்கவில்லை. இதை வைத்து அவர்கள் என்னை வேலை வாங்கியது சரி என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் உண்மை.

14 ஜனவரி, வெள்ளி, பொங்கல்

எல்லோருக்கும் வாழ்த்து. நேற்றுப் போகிக்கு அக்கம்பக்கத்தில் வீடு கழுவி ஒட்டடை அடித்த அமளியைப் பார்த்தபோது, இதை வாராவாரம் செய்கிறவர்கள் என்று சவ்தா வீடு நினைவுக்கு வந்தது.

இருட்டில் உட்கார்ந்தவர்கள் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். எட்டாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அனான் பென் தாவீது என்று ஒருவர். எழுதப்பட்ட வேதம் மட்டும் போதும், ரபிகளின் விளக்கம் வேண்டாம் என்றவர்கள் அவரைத் தலைவராகக் கொண்டாடினார்கள். கராயர் என்று பெயர். சபாத்தில் வீட்டில் தீ கூடாது என்றால் கூடவே கூடாது, முன்னாலேயே ஏற்றியதும் எரியக்கூடாது என்பது அவர்கள் கட்சி. இருட்டு, ஆறின சோறு. ரபிகள் பக்கம் இதற்கு நேர் எதிர்: நீ மூட்டாதே, முன்னமே மூட்டியது பாட்டுக்கு எரியட்டும், விளக்கு இல்லாத வீட்டில் தடுக்கி விழுந்தால் அதில் என்ன மகிழ்ச்சி என்றார்கள். அதிலிருந்து சபாத் மதியம் சூடாகச் சாப்பிடுவது வெறும் சாப்பாடாக இல்லாமல் எந்தக் கட்சி என்று காட்டுகிற அடையாளமாகவும் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஏற்றிவைத்து ராத்திரி முழுக்க வேகும் சமையல் உலகத்தில் யூதர்கள் இருந்த ஊரெல்லாம் உண்டு. போலந்துப் பக்கம் சோலெந்த், மொராக்கோவில் வேறு பேர், ஏமன்காரர்கள் ஜக்னூன் என்று மாவைச் சுருட்டி வைப்பார்கள்.

எங்கள் வீட்டில் தபீத். பாக்தாத் சமையல். கோழிக்குள் அரிசியும் தக்காளியும் ஏலம் பட்டை கிராம்பு மஞ்சளும் அடைத்துத் தைத்து, சுற்றிலும் இன்னும் அரிசி போட்டு, மூடிமேல் முட்டைகளை வைத்துத் துணி சுற்றி, பிளாட்டா என்கிற மின்சாரத் தட்டின் மேல் இரவெல்லாம் விட்டுவிடுவது. அந்தத் தட்டில் திருகு பொத்தான் எதுவும் கிடையாது, கூட்டவோ குறைக்கவோ முடியாது. காலையில் அந்த முட்டைகள் பழுப்பாகியிருக்கும். வறுத்த கத்தரிக்காயோடும் அம்பாவோடும் தின்பார்கள். அம்பா என்றால் மாங்காய் ஊறுகாய், மும்பையிலிருந்து பாக்தாத் போனது என்பார்கள். வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்து, காரம் போதாது என்றேன். சவ்தா மருமகளைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்பு சிரித்தார், மருமகள் போலந்து வம்சம், அவருக்கு அதுவே கண்ணீர் வரும்.

பானை அடியில் காந்தல் இருக்குமே, சிவந்து, கோழி நெய் இறங்கி. அதற்குச் சண்டை நடக்கும். விருந்தாளிக்கு முதலில் என்று எனக்கு ஒரு துண்டு எப்போதும் வந்துவிடும்.

16 ஜனவரி

சின்னச் சின்னதாகச் சில.

இரண்டு ரொட்டியை மூடி வைத்துவிட்டுத் திராட்சை ரசத்துக்கு முதலில் ஆசி சொல்வார்கள். மற்ற நாளில் ரொட்டிக்குத்தான் முதல் மரியாதை, இன்றைக்குத் தள்ளிப்போவதைப் பார்த்தால் ரொட்டி வெட்கப்படுமாம், அதனால் துணி. இரண்டு எதற்கு என்றால் வனாந்தரத்தில் வெள்ளிக்கிழமை மன்னா என்ற வானத்து உணவு இரட்டிப்பாக விழுந்தது, அதற்கு.

தூக்கம் ஓனெக்கில் சேர்த்தி. சனிக்கிழமை மதியம் தபீத் தின்றுவிட்டுத் தூங்குவதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல முடியாது, கடமை. என் வீட்டுக்காரருக்கு இந்த மதத்தில் பிடித்த ஒரே பகுதி.

அந்த நாட்டில் இது வீட்டு விஷயம் மட்டும் இல்லை. 1976 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து எஃப்-15 போர் விமானங்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்திறங்கி, வரவேற்பு விழா சபாத் நேரத்தை இடித்துவிட்டது என்று நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அதில் கூட்டணி உடைந்து பிரதமர் ராபின் பதவி விலகினார். அடுத்த வருடத் தேர்தலில் அவர் கட்சி முதல் தடவையாக ஆட்சியை இழந்தது.

இந்தியாவில் யூதர்கள் இதையெல்லாம் கடைப்பிடித்தார்களா என்று கேட்டவருக்கு: கொங்கணக் கடற்கரையில் பெனே இஸ்ரேல் என்கிறவர்கள் செக்காட்டும் தொழில் செய்தார்கள். சனிக்கிழமை செக்கு ஓடாது. அதனால் ஊர்க்காரர்கள் வைத்த பெயரே சன்வார் தேலி, சனிக்கிழமைச் செக்கார். வெளியுலக யூதர்களோடு பெரிதாகத் தொடர்பே இல்லாமல் இருந்த காலத்திலும் அந்த ஒரு நாளை விடவில்லை.

23 ஜனவரி, ஞாயிறு

ஒரு வாரமாக எழுதவில்லை, பையனுக்குக் காய்ச்சல். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்றும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

2015 ஜனவரி, ஒரு வெள்ளி இரவு, நல்ல குளிர். இரண்டு மணி இருக்கும். திருப்பிப் படுக்க வைக்கும் முறை மகனுடையது. சவ்தாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டு போனது, உதடு நீலமாகிவிட்டது. சத்தம் கேட்டு நான் எழுந்து ஓடினேன். அந்த அறையில் பழைய தொலைபேசி ஒன்று இருந்தது. இது என் வேலை என்றுதான் நினைத்தேன், விளக்கானாலும் பெட்டியானாலும் இத்தனை வருடம் என் கைதானே. நான் எட்டுவதற்குள் அவர் எடுத்துவிட்டார். மூன்று வருடத்துக்கு மேல் சபாத்தில் ஒரு சுவிட்ச்சைத் தொட்டுப் பார்த்திராத மனிதர், 101 அழுத்தி (அங்கே ஆம்புலன்ஸ் எண்), முகவரி சொல்லி, அம்மாவின் வயது சொல்லி, நிதானமாகப் பேசினார். அறை விளக்கையும் அவரே போட்டார்.

பிறகு ஒருநாள் கேட்டேன், நான் பக்கத்தில்தானே இருந்தேன், என்னிடம் விட்டிருக்கலாமே, உங்களுக்குச் சபாத் மீறாமல் இருந்திருக்குமே என்று. உயிர்ப் பிரச்சினை என்றால் மற்றவர்கள் கையில் விடக்கூடாது என்பதுதான் சட்டம் என்றார். மைமோனிடீஸ் எழுதியிருக்கிறார், அந்நியரையோ சிறுவரையோ வைத்துச் செய்யாதே, இஸ்ரவேலின் பெரியவர்களும் அறிஞர்களுமே முன்னால் நின்று செய்ய வேண்டும் என்று. இல்லையென்றால் பார்க்கிறவர்கள் அடுத்த முறை தயங்குவார்கள். ஒரு சபாத்தை மீறு, அவன் பல சபாத் கைக்கொள்ளட்டும் என்று தல்மூத் சொல்கிறது.

அன்றிரவு மகன் சவ்தாவோடு ஆம்புலன்ஸில் போனார். ரிசீவரைத் திரும்ப வைக்கவில்லை. கூப்பிட்டது உயிருக்காக, வைப்பது உயிருக்காக இல்லையே. அது கம்பியில் ஆடிக்கொண்டு பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. நான் எடுத்து வைத்தேன்.

விடிந்ததும் கிழக்கு ஜெருசலேமிலிருந்து சனிக்கிழமையும் ஓடுகிற அரபு டாக்சி ஒன்றைப் பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். சவ்தா கண் திறந்திருந்தார். நான் வந்ததும் மகன் கிளம்பினார், வீட்டில் மற்றவர்களுக்குச் சேதி தெரியாதே. அவசரம் முடிந்துவிட்டது, இனி வண்டி ஏறக்கூடாது. ஒன்றே கால் மணி நேரம், மேட்டுப்பாதை, மழைத்தூறலில் குடையில்லாமல் நடந்தே போனார்.

கேள்வி கேட்டவர் குடையைச் சொன்னபோது எனக்கு அந்த நடைதான் ஞாபகம் வந்தது. இது மகிழ்ச்சியா என்று கேட்டால் இல்லை. அந்த நடையில் ஓனெக் எதுவும் இல்லை.

23 ஜனவரி, இரவு

ஆனால் அதே மனிதர். 2017இல் சவ்தா ஒரு புதன்கிழமை இறந்தார். அன்றைக்கே அடக்கம். ஏழு நாள் துக்கம், தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, கிழித்த சட்டையோடு, சவரம் செய்யாமல். வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் எழுந்தார்கள். குளித்தார்கள். மகன், கிழித்த சட்டையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார், ஹல்லா ரொட்டி மூடியிருந்தது, மீன் இருந்தது, பாட்டுகூட மெதுவாகப் பாடினார்கள். எனக்கு வந்ததே கோபம். இரண்டு நாள்கூட ஆகவில்லை, தோடு அவர் மேசையிலேயே கிடக்கிறது, இவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள்! நான் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன்.

மருமகள் பின்னால் வந்தார். போன வியாழக்கிழமை சவ்தா பொறுக்கி வைத்த அரிசி பாதிக்கு மேல் டப்பாவில் மீதி இருந்ததாம், அதைத்தான் தபீத்தில் போட்டிருக்கிறோம், நாளைக்கு நீ சாப்பிடாமல் இருக்காதே என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்ததும், சபாத்தை முடித்துவைக்கும் சடங்காக, முறுக்கு மெழுகுவத்தி ஏற்றி, கிராம்பு முகர்ந்து, நகத்தை வெளிச்சத்தில் பார்த்து, ரசத்தில் சுடரை அணைத்தார்கள். பிறகு மகன் கதவுக்குப் பின்னால் போய்க் கிழித்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார்.

30 ஜனவரி

ஊரில் நானும் இதைச் செய்து பார்த்தேனா என்று கேட்கிறார்கள். திரும்பி வந்த புதிதில் செய்து பார்த்தேன். சனிக்கிழமை முழுக்க போனை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மூன்று வாரம் தாங்கியது. முதல் வாரம் தங்கை அழைத்திருக்கிறாள், இரண்டாம் வாரம் கேஸ் சிலிண்டர்காரர் வந்து பூட்டியிருக்கிறது என்று திரும்பிப் போனார் (நான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தேன், ஓனெக்), மூன்றாம் வாரம் மாமியார் என்ன விரதம் என்று கேட்டார். விட்டுவிட்டேன். ஞாயிறு பற்றி முன்னே எழுதினேனே, அதே பிரச்சினை இங்கே சனிக்கிழமைக்கு.

விடாமல் வைத்திருப்பது தோடு மட்டும். எங்கும் போகாத நாளிலும் வாரத்துக்கு ஒரு தடவை.

5 பிப்ரவரி, சனி

தபீத் செய்முறை கேட்டு நாலு பேர் எழுதிவிட்டீர்கள், அதனால் நேற்று ராத்திரி முயற்சி செய்தேன். பிளாட்டா ஏது, பின்கட்டு விறகடுப்பில் தணலை இழுத்து மூடிப் பானையை வைத்தேன். கோழி நாட்டுக்கோழி. அரிசி வீட்டுப் பச்சரிசி, அங்கே தப்பு செய்துவிட்டேன், பன்னிரண்டு மணி நேரம் கிடந்து கஞ்சியாகிவிட்டது. முட்டை மட்டும் அச்சு அசலாகப் பழுப்பாக வந்தது. வீட்டுக்காரர் கோழிக் கஞ்சி நன்றாக இருக்கிறது என்று மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

அடியில் காந்தல் பிடித்திருந்தது. நின்றபடியே கரண்டியால் சுரண்டித் தின்றேன். அடுத்த தடவை நீள அரிசியாக வாங்கி, தண்ணீரை ஒரு டம்ளர் குறைக்க வேண்டும்.